உப்பறிஞரும் ஒரு தங்க ஸ்டிக்கரும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் வரிசை மூன்றாவது தூணைச் சுற்றி வளைந்து, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்விட்டது. ஆளுக்கொரு பை. பைக்குள் ஊறுகாய் பாட்டில், சாஸ் பாட்டில், பிஸ்கட், ரொட்டி, சூப் பொட்டலம். சிலர் சமையலறை அலமாரியையே வழித்துக் கொண்டுவந்திருந்தார்கள். நாலாவது மாடி அம்மாள் ஊறுகாய் பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற அழகைப் பார்த்தால், அதற்குத் தடுப்பூசி போட வந்திருக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தடுப்பூசி இல்லை. உப்பு பார்க்க வந்திருந்தார்கள்.

உப்பு பார்ப்பவர் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. பார்த்த மாத்திரத்தில் நமக்கு நாக்கு கரிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. எதிரே ஒரு மேஜை. விரலில் ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றின் நுனியில் புளியங்கொட்டை அளவில் ஒரு நீலக் கல். மேஜையில் பண்டத்தை வைத்தால், அதற்கு மேலே கல்லைத் தொங்கவிடுவார். கல் சுற்றினால் பண்டத்தில் உப்பு இருக்கிறது. சும்மா நின்றால் இல்லை. சுற்றாத பண்டத்தின் மேல் ஒரு தங்க நிற ஸ்டிக்கரை ஒட்டுவார். 'கல் பார்த்தது, குற்றமற்றது' என்று அதில் எழுதியிருக்கும்.

பார்ப்பதற்குக் காசு வாங்கமாட்டார். அதனால்தான் எல்லாருக்கும் அவர்மேல் அத்தனை நம்பிக்கை. ஸ்டிக்கர் ஒட்டிய சரக்கு முனைக்கடையில் ஒன்றரை மடங்கு விலைக்கு விற்றதை யாரும் அவரோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

'உப்பறிஞர்' என்று அவருக்குப் பட்டம் கொடுத்தவர் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். முப்பது வருடம் பிள்ளைகளிடம், "விடை எப்படி வந்தது, படிப்படியா எழுது" என்று கேட்டுக் கேட்டு முட்டி போட வைத்தவர். கல் எப்படிச் சுற்றுகிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஓய்வு பெற்றுவிட்டார் அல்லவா.

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தின வாரம் கட்டடத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு பிரஷர். டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். மாத்திரை சாப்பிடுங்கள், நடங்கள், உப்பைக் குறையுங்கள். மூன்றுமே நாம் செய்ய வேண்டியவை. எங்கள் கட்டடத்துக்குப் பிடித்தது நமக்காக வேறு யாராவது செய்துவிடுவது. கல் வந்து சேர்ந்தது.

அந்தப் பாதிப் பேரில் என் அத்தானும் ஒருவர். அக்கா கணவர். இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறார். அவருக்கு நூற்றி அறுபதுக்கு நூறு. பஸ் கம்பெனி டாக்டர் ஐந்து வாரம் தவணை கொடுத்து, அதற்குள் குறையாவிட்டால் ஸ்டியரிங்கைத் தரமுடியாது என்று சொல்லிவிட்டார். டிக்கெட் கவுண்டரில் உட்காரவேண்டியதுதான்.

"ஸ்டியரிங் போச்சுன்னா நான் யாரு மாப்ள?" என்று அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பயந்த மனிதனுக்கு டாக்டர் சொன்ன மூன்று வேலையைவிட நீலக் கல் சுலபமாகத் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். பின்னாலேயே அக்காவும் போனாள். துணைக்கு நானும் போனேன்.

அக்கா தெருமுனை பேக்கரியில் மாவு பிசைகிறவள். கேள்வி கேட்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

அத்தானின் முறை வந்தது. அவர் ஊறுகாய் பாட்டிலை மேஜையில் வைத்தார்.

"இது என்ன?" உப்பறிஞர் கேட்டார்.

"எலுமிச்சை ஊறுகாய்ங்க."

கல் மெல்ல அசைந்து, பிறகு வட்டமடித்தது. கூட்டம் 'ச்சு' கொட்டியது.

"இது?"

"கோதுமை ரொட்டி."

கல் அசையவில்லை.

"இது?"

"தக்காளி சாஸ். கொஞ்சம் இனிப்பா இருக்கும்."

இனிப்பு என்று கேட்டதும் கல் அடங்கிவிட்டது. இனிப்பு பிஸ்கட்டுக்கும் அப்படியே. தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்று அத்தான் பையில் இருந்தது. அதற்கும் கல் வாயே திறக்கவில்லை. நான்கு பொருளுக்கும் தங்க ஸ்டிக்கர் விழுந்தது.

அக்கா முன்னால் வந்தாள். "அய்யா, ரொட்டியில உப்பு இருக்குங்க. எனக்கு நல்லா தெரியும். ஒரு கிலோ மாவுக்கு இருபது கிராம் நான்தான் போடுறேன்."

"அம்மா," என்றார் உப்பறிஞர், அக்காவின் அறியாமைக்காக ஒரு புன்னகையை ஒதுக்கி. "நீங்க போடுறது உப்புதான். அடுப்புல வேகும்போது அதோட வீரியம் செத்துடும். கல்லுக்குத் தெரியாதா?"

"வேகும்போது உப்பு எங்க போகும்?"

"அது அறிவியல்மா," என்றார் கணக்கு வாத்தியார். வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பின்னால் நின்ற ஒருவர், நேரமாகிறது என்று அக்காவை நகரச் சொன்னார்.

கிளம்பும்போது உப்பறிஞர் அத்தானின் தோளில் கை வைத்தார். "உப்பே உள்ள போகலைன்னா பிரஷர் எங்கிருந்து வரும்? பிரஷரே இல்லைன்னா மாத்திரை எதுக்கு? யோசிச்சுப் பாருங்க."

யோசிக்கச் சொன்னது அவர்தான். அத்தான்தான் அதைச் செய்யவில்லை.

அன்றிலிருந்து வீட்டுச் சமையலில் உப்பு கிடையாது. ஊறுகாய் நாடு கடத்தப்பட்டது. மாத்திரை அட்டை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. உப்பில்லாத சோற்றை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். பசிக்கும் அல்லவா? காலையில் எட்டுத் துண்டு ரொட்டி, அதன்மேல் சாஸ். டிப்போவில் ஒரு பொட்டலம் பிஸ்கட், திரும்பி வந்து இன்னொன்று. வெறும் ரொட்டியும் சாஸுமாகத் தின்று நெஞ்சு எரிந்தால், நுரைக்கும் மாத்திரை. எல்லாம் கல் பார்த்தவை. இவ்வளவு ஒழுக்கமாக அத்தான் வாழ்ந்து நான் பார்த்ததில்லை.

அக்கா சொல்லிப் பார்த்தாள். "பிஸ்கட்டுலயும் உப்பு உண்டுங்க. அது போதாதுன்னு சோடா மாவு வேற. ரெண்டுலயும் இருக்கிறது ஒரே சோடியம்தான். சர்க்கரை மேல படுத்திருக்கிறதால நாக்குக்குத் தெரியல. அந்த நுரை மாத்திரையும் அதே சோடாதான்."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"மாத்திரையையாவது போடுங்க."

"கல் வேண்டாம்னு சொல்லியிருக்கு."

கல் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கல்லுக்குச் சொந்தக்காரர்தான் சொன்னார். இந்த வித்தியாசம் கட்டடத்தில் யாருக்கும் பிடிபடவில்லை. உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவனாக இருந்தால் ரோஷம் வந்து எதிர்த்துக் கேட்டிருப்பான். இங்கேதான் மொத்தக் கட்டடமும் உப்பை விட்டுவிட்டதே.

இரண்டு வாரம் ஆயிற்று. மருந்துக்கடையில் அத்தானுக்கு பிரஷர் பார்த்தார்கள். நூற்றி எழுபத்திரண்டுக்கு நூற்றி ஆறு. கடைக்காரர் இரண்டாம் தடவை பார்த்தார். அதேதான் வந்தது.

அத்தானுக்கு மட்டும் இல்லை. கணக்கு வாத்தியார் அறிவிப்புப் பலகையில் பத்துப் பேரின் பிரஷரை வரைபடமாகப் போட்டு மாட்டியிருந்தார். பத்தில் ஏழு கோடுகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. கோடு ஏறினால் என்ன அர்த்தம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். வாத்தியார் அதற்கு உப்பறிஞரிடம் விளக்கம் வாங்கி, கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'பழைய உப்பு வெளியேறும்போது போகிற வழியில் தள்ளும். கவலை வேண்டாம்.'

அக்கா அதைப் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "டேய், இந்த மனுஷன் பஸ் ஓட்டும்போது மயங்கி விழுந்தா என்னடா பண்றது?" என்றாள். அவள் அழுததை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று அழுதாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் லேபிள் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். பிஸ்கட், சாஸ், சோப்பு என்று எல்லாவற்றின் மேலுறைக்கும் எழுத்துக் கோப்பது என் தொழில். பண்டத்தின் பெயரைக் கட்டைவிரல் தடிமனில் போடு, பின்பக்கத்துச் சத்து விவரக் கட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் போடு. இதுதான் எங்களுக்கு வரும் உத்தரவு. சட்டப்படி எல்லாம் அதில் இருக்கும். கொழுப்பு, சர்க்கரை, சோடியம், எல்லாமே. படிப்பவர்தான் இருக்கமாட்டார். பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்டத்தைக் கோக்கிறேன். நானே ஒருநாளும் அதைப் படித்தது கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை ஒரு பிஸ்கட் உறைக்கு அந்தக் கட்டத்தின் அளவைக் குறித்தேன். நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் அகலம், முப்பது உயரம். கை அப்படியே நின்றுவிட்டது. இந்த அளவை வேறெங்கோ போட்டிருக்கிறேன்.

எங்கே என்று உடனே நினைவு வந்துவிட்டது. தங்க ஸ்டிக்கர். அதை அச்சடித்ததே எங்கள் அச்சகம்தான். அது எனக்கு முதல் நாளே தெரியும், சொல்லவேண்டிய விஷயமாகத்தான் தோன்றவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு பிஸ்கட் பொட்டலமும் அடிக்கோலும் கொண்டுவந்து, அளந்து காட்டி ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். நான்தான் எழுத்துக் கோத்தேன். அழகாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்படவும் செய்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். அத்தானின் பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டலத்தில் எவ்வளவோ வெற்றிடம் இருக்க, ஸ்டிக்கர் அந்தக் கட்டத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ரொட்டி உறையிலும் அங்கேதான். சாஸ் பாட்டிலிலும் அங்கேதான்.

அக்காவிடம் சொன்னேன்.

"இதை அச்சடிச்சது நீயா?"

"ஆர்டர் வந்துச்சுக்கா."

"எதுக்கு இந்த அளவுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களைப் பார்த்து இரண்டு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான்.

"சரி விடு," என்றாள் அக்கா. "இப்பவே உரிச்சுக் காட்டினா, தெரியாம ஒட்டிட்டேன்னு நழுவிடுவான். முதல்ல கல்லு விஷயத்தைப் பார்ப்போம்."

அடுத்த ஞாயிறு. வரிசை இன்னும் நீண்டிருந்தது. டாக்டரின் தவணைக்கு எட்டு நாள் பாக்கி. அக்கா இரண்டு பாத்திரங்களோடு போய் நின்றாள். ஒன்று எங்கள் வீட்டுப் பழுப்பு நிற உப்பு ஜாடி. மற்றது 'சர்க்கரை' என்று பெரிதாக எழுதிய தகர டப்பா. குரலில் அத்தனை பணிவு. எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது.

"அய்யா, அன்னைக்கு உங்களை எதிர்த்துப் பேசிட்டேன். மனசு கேக்கல. இது எங்க வீட்டு உப்பு ஜாடி. இதோட வீரியம் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க."

உப்பறிஞர் மனம் குளிர்ந்து கல்லைத் தொங்கவிட்டார். மூடிய ஜாடிக்கு மேல் அது மின்விசிறி மாதிரி சுற்றியது. அவ்வளவு வேகத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. முன்வரிசை ஓரடி பின்வாங்கியது.

"ஆபத்தும்மா. இதை வீட்டுக்குள்ளயே வைக்காதீங்க."

"இது பேக்கரிச் சர்க்கரை டப்பாங்க."

கல் நின்றது. செத்த மாதிரி நின்றது.

"சுத்தம். கைக்குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே தங்க ஸ்டிக்கரை உரித்து டப்பாவில் ஒட்டினார்.

அக்கா கணக்கு வாத்தியார் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரய்யா, நீங்கதான் பெரியவரு. இந்தச் சுத்தமான சர்க்கரையில கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க."

சிட்டிகை எடுத்திருக்கலாம். நம்பிக்கை உள்ளவர், ஒரு ஸ்பூன் எடுத்தார். அடுத்த கணம் தூண் பக்கம் ஓடித் துப்பினார். தண்ணீர் கேட்டார், கொப்பளித்தார், மறுபடியும் துப்பினார்.

"என்ன சார்?" என்றது கூட்டம்.

"உப்பு," என்றார் வாத்தியார்.

நாலாவது மாடி அம்மாள் உப்பு ஜாடிக்குள் விரலை விட்டு நக்கினார். மறுபடியும் விட்டு நக்கினார். "இது சர்க்கரைங்க. நல்லா இருக்கு."

உப்பறிஞர் அசரவில்லை. தொழில் சுத்தமானவர். "சந்தேகம் புடிச்ச கை தொட்ட பொருள்ல கல் தடுமாறும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

யாருக்கும் தெரியாது. ஆனாலும் நாலைந்து தலைகள் ஆடத் தொடங்கிவிட்டன.

"அப்படியா? சரி," என்றாள் அக்கா. "என் கை வேண்டாம். வாத்தியாரய்யா உங்களை மனசார நம்புறவர். அவரே பொருளை வைக்கட்டும். நீங்க கண்ணை மட்டும் கட்டிக்கோங்க. கண்ணு உங்களுடையது, பார்க்கிறது கல்லுதானே."

மறுக்க வழியில்லை. முந்நூறு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. துண்டால் கண்ணைக் கட்டினார்கள். வாத்தியார் வாயைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். யாரும் பேசக்கூடாது என்று வகுப்பறைக் குரலில் சொன்னார். கூட்டம் கப்சிப் ஆனது.

ஊறுகாயை வைத்தார். கல் நின்றது. சர்க்கரையை வைத்தார். கல் சுற்றியது. உப்பு டப்பாவை இரண்டு தடவை வைத்தார். ஒரு தடவை சுற்றியது, ஒரு தடவை நின்றது. கடைசியில் மேஜையை முழுதாகத் துடைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெறும் பலகைக்கு மேலே கல் ஜோராகச் சுழன்றது.

"ரொம்ப அதிகம்," என்றார் உப்பறிஞர் கண்கட்டுக்குள்ளிருந்து. "இதைத் தொடவே தொடாதீங்க."

முதலில் சிரித்தவர் யாரென்று தெரியவில்லை. பிறகு யாராலும் நிறுத்தமுடியவில்லை.

சிரிக்காமல் நின்றவர் அத்தான் ஒருவர்தான். நான் அவர் கையில் பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்து, ஸ்டிக்கரை உரிக்கச் சொன்னேன். நகத்தால் மெதுவாக உரித்தார். வாத்தியார் தன் பூதக்கண்ணாடியை நீட்டினார். அத்தான் அதை வைத்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரி படித்தார். "சோடியம்..." பக்கத்தில் இருந்த எண்ணையும் படித்தார். பிறகு ரொட்டி உறை. பிறகு சாஸ். பிறகு நுரை மாத்திரை அட்டை. அங்கே அந்த எண் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

"இதைத்தான் மூணு வாரமா தின்னேனா?" என்று யாரிடமோ கேட்டார்.

வண்டி நிறுத்துமிடம் முழுக்க ஸ்டிக்கர் உரியும் சத்தம். அதைக் கேட்டதும் உப்பறிஞர் கண்கட்டை அவிழ்த்துக் கம்பி நீட்டப் பார்த்தார். வாத்தியார் வழியை மறித்து, ஒரு தாளையும் பேனாவையும் மேஜையில் வைத்தார்.

"உட்காரு. கல் எப்படிச் சுத்துது, ஸ்டிக்கர் எப்படி அங்க வந்துச்சு, எல்லாத்தையும் படிப்படியா எழுது."

எழுதினார். விரலை லேசாக ஆட்டினால் கயிறு ஆடும். பண்டத்தின் பெயரைக் கேட்டுவிட்டு ஆட்ட வேண்டும். கரிப்பது என்று ஊருக்கே தெரிந்ததற்குச் சுற்று, மற்றதற்கு நிறுத்து. தேங்கிக் கிடந்த சரக்கைத் தள்ளிவிட முனைக்கடைக்காரர் ஸ்டிக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்தார். கையெழுத்து அழகாகவே இருந்தது. வாத்தியார் வரைபடத்தைக் கிழித்துவிட்டு அந்தத் தாளைப் பலகையில் ஒட்டினார். அதன் நகல் முனைக்கடைக் கதவுக்கும் போயிற்று.

"என்ன இருந்தாலும் ஊறுகாயை முதல் தடவை சரியாத்தானே சொன்னாரு," என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினார். என்ன செய்ய?

அத்தான் அன்றே மாத்திரையைத் தொடங்கினார். சாஸும் பிஸ்கட்டும் ஒழிந்தன. ரொட்டி இரண்டு துண்டானது. சோற்றுக்கு அளவாக உப்பு வந்தது. எட்டாம் நாள் கம்பெனி டாக்டரிடம் போனோம். நூற்றி ஐம்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றி ஆறு. இறங்கியிருந்தது. ஆனால் போதவில்லை. டாக்டர் நல்ல மனிதர். ஸ்டியரிங்கை அடியோடு பிடுங்கவில்லை. இரண்டு மாதம் கவுண்டரில் உட்காரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

"அந்த மூணு வாரம் மாத்திரையை விடாம இருந்திருந்தா தேறியிருப்பேனா டாக்டர்?" என்று கேட்டார் அத்தான்.

"தேறியிருக்கலாம்," என்றார் டாக்டர்.



கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரமே நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நம் நாலாவது மாடி அம்மாள், கையில் பையோடு.

"எங்க போறீங்க?" என்றார் அத்தான்.

"பக்கத்து ஊருக்குங்க. அங்க ஒருத்தர் இறகை வச்சு எந்தப் பண்டத்துல சர்க்கரை இருக்குன்னு சொல்றாராம். இவரு அந்த ஆளு மாதிரி இல்லீங்க. கல்லையெல்லாம் தொடவே மாட்டாராம்."

வெளியே அத்தானின் பஸ் புறப்பட்டது. அவருடைய இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அது வளைவில் மறையும் வரை அத்தான் பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கிழிக்காமல் அம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"பஸ்ல ஏறும்போது எந்த ஊருக்குப் போகுதுன்னு போர்டைப் படிச்சுட்டுத்தானே ஏறுறீங்க?"

"பின்ன? படிக்காம ஏறினா எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவானே."

"என்னையும் அப்படித்தாம்மா கொண்டுவந்து விட்டுட்டான். வாயில போடுறதையும் ஒரு தடவை நீங்களே படிச்சுட்டுப் போடுங்க."